தனம்மாளுக்கு ஒரு கேமரா

மொத்தம் 125 கேமராக்கள். லைகா நிறுவனமும் அமெரிக்க ராக் பாடகர் லென்னி கிராவிட்ஸும் சேர்ந்து 2015-ல் கொண்டுவந்தவை. ‘கரஸ்பாண்டென்ட்’ என்று பெயர். செய்தித் துறையில் இருந்த தன் அப்பாவை நினைத்துப் பாடகர் வைத்தது. கறுப்புப் பூச்சு ஓரமெல்லாம் தேய்ந்து உள்ளிருக்கும் பித்தளை மின்னும். முப்பது வருடம் ஒருவர் கழுத்தில் கிடந்து ஊர் ஊராகச் சுற்றி வந்ததுபோல இருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போதே அது அப்படித்தான் இருக்கும். அத்தனை தேய்மானமும் கையால் சுரண்டிச் செய்தது.

அந்தக் கேமராவின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டுதான் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பம் போனேன். நான் போனது வலை கட்டும் அண்ணன் ஒருவரைப் பார்க்க. சென்ற வருடம் பழவேற்காட்டு உப்புக்காற்றில் என் கேமரா செத்துப்போனதை நேரில் பார்த்தவர் அவர். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“புதுசையே தேச்சு விக்கிறாங்களா? இங்க ஒரு வருசம் வெச்சா தானா தேஞ்சிடுமே, தம்பி.”

சொல்லிவிட்டு மடியிலிருந்த வலையில் அடுத்த கிழிசலைத் தேடினார். நண்டு கடித்தது, முள்ளில் சிக்கியது, இழுத்ததில் பிய்ந்தது என்று ஒவ்வொரு கிழிசலுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஊசி உள்ளே போய் வெளியே வந்து முடிச்சு விழுந்ததும் கண்ணி பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

என் கேமராவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. லென்ஸில் பூஞ்சை, உள்ளே துரு. பழுது பார்க்கும் இடத்தில் அதைத் திறக்கக்கூட இல்லை. “உள்ள கை வைக்க முடியாது சார், புதுசு வாங்கிக்குங்க” என்றார்கள். இசைக்கலைஞர் பெயரில் கேமரா வடிவமைப்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பதில்தான் மனதில் ஓடியது. 2018-ல் டெய்லர் ஸ்விஃப்ட் பெயரில் வந்த இன்ஸ்டாக்ஸ் கேமராவில் முகப்பு முழுக்கச் செய்தித்தாள் எழுத்துகள். அவருடைய இசைத்தொகுப்பின் அட்டையை நினைவூட்டும் அச்சு. அழகுதான். ஆனால் பாடகரிடமிருந்து அந்தக் கேமரா வாங்கிக்கொண்டது ஓர் உறையை மட்டும்தான்.

இசைக்கருவி என்பதோ பிரித்துப் பூட்டுவதற்கென்றே பிறந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் ஒவ்வொரு கச்சேரிக்கும் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள். முடிந்ததும் சுரண்டி எடுக்கிறார்கள். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த கறுப்பு மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வாசிக்க வாசிக்க மெட்டு தேயும், வெயிலுக்கு மெழுகு இளகும், சுருதி விலகும். உடனே ஆளைக் கூப்பிட்டு ‘மேளம் கட்டுவார்கள்’. கோட்டைக்குப்பத்தில் வலைக்கு நடப்பதும் அதுவே.

கருவியைச் செய்பவரும் வாசிப்பவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த பாரி நாயனம் நீளம் கூடியது, சுருதி தாழ்ந்தது. அந்த வாசிப்புக்குத் தேவைப்பட்டதால்தான் ஆச்சா மரத்தின் அளவே மாறியது. பிள்ளையின் பெயரைப் பொறித்துப் பழைய நாயனத்தையே விற்றிருந்தால் இன்று பேச ஒன்றும் இருந்திருக்காது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் அந்த இருவரும்தான்.

இதே கணக்கில் கேமராவை யோசித்துப் பார்க்கலாம். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அதனாலேயே மேடையில் அவரை உட்காரவைப்பது சிக்கலாகி வாய்ப்புகள் தட்டிப்போன காலம் உண்டு. கேமராக்கள் ஏறக்குறைய எல்லாமே வலக்கைக்காரர்களுக்கானவை. பொத்தான் வலப்பக்கம், பிடி வலப்பக்கம். பழைய எக்ஸாக்டாவில் பொத்தான் இடப்பக்கம் இருந்தது. 1980களின் இறுதியில் யாஷிகாவின் சாமுராய் வரிசையில் இடக்கைக்கென்றே ஒரு மாடல் வந்தது. பழனி பெயரில் ஒரு கேமரா வருமானால் அது இடக்கைக் கேமராவாகத்தான் இருக்க வேண்டும். மிருதங்கப் படம் ஒட்டிய வலக்கைக் கேமரா அவரை மறுபடி ஓரத்தில் உட்கார வைப்பதற்குச் சமம்.

என் மனம் ஒட்டிக்கொண்டது வீணை தனம்மாளிடம். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசித்தபோது கேட்க வந்தவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அவ்வளவு மெல்லிய நாதம். அவருக்கான கேமராவில் ‘க்ளிக்’ சத்தம் வரக்கூடாது. அப்படியானால் ஷட்டரே வேண்டாம், லென்ஸும் வேண்டாம். ஊசித்துளைக் கேமரா போதும். பலா மரத்தில் ஒரு சின்னப் பெட்டி, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை, உள்ளே புகைப்படத் தாள். நல்ல வெயிலில்கூட முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். லென்ஸ் இல்லாததால் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. மின்சுற்று இல்லாததால் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. பிரிக்க முடியாதபடி இறுக்கி மூடினால்தானே உப்பும் தூசியும் உள்ளே போகாது என்று கேமரா விற்பவர்கள் கேட்பார்கள்; அதுவும் நியாயம்தான்.

பலாப் பெட்டி செய்யுமளவுக்கு எனக்குத் தச்சு தெரியாது. பிஸ்கட் டின்னின் உட்புறத்தில் கறுப்பு அடித்து, குளிர்பான டின்னின் தகட்டில் ஊசியால் துளை குத்தி ஒட்டி, மறுபடி கோட்டைக்குப்பம் போனேன். அண்ணன் வலை கட்டிக்கொண்டிருக்க, ஒரு நிமிடம் திறந்து வைத்தேன். சென்னையில் கழுவிப் பார்த்தால் படகு, மடியில் வலை, குனிந்த தலை எல்லாம் விழுந்திருக்கின்றன. ஓயாமல் ஓடிய விரல்கள் மட்டும் புகையாகிவிட்டன. குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. மூடியின் விளிம்பில் வெளிச்சம் கசிந்திருக்கிறது.

வீணை செய்யும் பெரியவர் ஒருவரிடம் மெட்டுக்கு வைக்கும் மெழுகில் எலுமிச்சை அளவு கேட்டு வாங்கினேன். கரி கலந்த மெழுகு வெளிச்சத்தை விடாது. மூடியைச் சுற்றி அப்பி அழுத்தினேன். அடுத்த படத்தில் கோடு இல்லை.

இரண்டு படங்களையும் டின்னையும் எடுத்துக்கொண்டு போன வாரம் மீண்டும் கோட்டைக்குப்பம் போனேன். அண்ணன் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். டின்னைத்தான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடினார்.

“இத மறுபடி பிரிக்க வருமா?”

“சூடு காட்டினா இளகிடும்ணா. பிரிச்சு, திரும்ப ஒட்டிக்கலாம்.”

“அப்ப சரி” என்று என் கையில் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் சுற்றத் தொடங்கினார்.