ஆறு கம்பியில ரெண்டைக் கழட்டினா

சேரன்மகாதேவியில எங்க வீட்டுத் தார்சால உக்காந்து பேசுறேன். மடியில இருக்கிற இந்தச் சின்ன கிட்டார், பெரியம்மா வீட்டுப் பரண்ல இருந்து இறங்கினது. முக்கால் சைஸ். பிளைவுட் பலகை. என்னைக்கோ ஒரு கிறிஸ்துமஸுக்கு, சபைப் பாட்டுக்குழுவுல வாசிக்கணும்னு அண்ணன் ஆசைப்பட்டு வாங்கினது.

கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. குதிரைக்குப் பின்னால பலகை புடைச்சிருக்கு. இரும்பு ஸ்கேலை குறுக்க வச்சா, ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரியுது. வருஷக்கணக்கா ஆறு கம்பியும் இழுத்த இழுப்பு அது. இந்த அளவு கிட்டார்ல 12-ஆம் நம்பர் செட் மாட்டினா, கிட்டத்தட்ட 60 கிலோ இழுவை. மூணு மில்லி பிளைவுட் அதைத் தாங்கிக்கிட்டுக் கிடக்கு. விலை குறைஞ்ச கிட்டார் செத்துப்போறது பெரும்பாலும் இப்படித்தான்.

இதைத் தூக்கிப் போட வேண்டாம். நாலு கம்பி டெனார் கிட்டாரா மாத்துவோம்.

டெனார் கிட்டார் 1920-கள்ல அமெரிக்காவுல வந்தது. அப்ப நடனக் குழுவுலல்லாம் நாலு கம்பி டெனார் பாஞ்சோதான் ராஜா. பிறகு காது கிட்டார் பக்கம் திரும்புச்சு. பாஞ்சோக்காரங்க விரல் பழக்கத்தை மாத்தாம கிட்டார் வாசிக்க ஒரு வழி வேணும்ல? அதே நாலு கம்பி, அதே சி, ஜி, டி, ஏ சுருதி. கிப்ஸனும் மார்ட்டினும் இதை வரிசையா செஞ்சு வித்தாங்க.

சின்ன கிட்டாரை ஏன் எடுக்கணும்? ஏ கம்பி 440 அதிர்வுக்கு ஏறணும். பெரிய கிட்டார்ல கம்பியோட நீளம் 65 சென்டிமீட்டர் கிட்ட வரும். அந்த நீளத்துல 440-க்கு முறுக்கினா சாதா இரும்புக் கம்பி அறுந்திடும். மெல்லிசா போட்டாலும் அறுந்துபோகும், தடிச்சதா போட்டாலும் அறுந்துபோகும். ஏன்னா கம்பி தடிக்கத் தடிக்க அதோட பலம் கூடுற அதே கணக்குல, அதே சுருதிக்கு வேண்டிய இழுவையும் கூடுது. நீளத்தைக் குறைச்சாத்தான் தப்பிக்கலாம். இந்த முக்கால் சைஸ்ல நட்டுல இருந்து குதிரைக்கு 58 சென்டிமீட்டர். டெனாருக்குச் சரியான அளவு. அதனால மெட்டு எதையும் தொட வேண்டாம், குதிரையையும் நகத்த வேண்டாம்.

முதல்ல பழைய கம்பியெல்லாத்தையும் பைய தளர்த்துங்க. ஒரேயடியா வெட்டி விட்டுடாதீங்க. பிறகு குதிரையோட அடியில ஒரு தாளை நுழைச்சுப் பாருங்க. நுழைஞ்சா பசை விட்டிருக்குன்னு அர்த்தம். கத்திரி வெயில்ல மூடின கார்ல கிட்டாரை வச்சா இதுதான் நடக்கும், வஜ்ஜிரமானாலும் வெள்ளைப் பசையானாலும் சூட்டுல இளகும். அதை ஒட்டி, இறுக்கி, காய விட்ட பிறகுதான் மத்த வேலை. இன்னொண்ணு, நைலான் கம்பிக்குன்னே செஞ்ச கிட்டார்ல இரும்புக் கம்பி ஏத்தாதீங்க.

கம்பிக்கு அலைய வேண்டாம். கடையில 10-ஆம் நம்பர் அக்கூஸ்டிக் செட் ஒண்ணு கேளுங்க. அதுல மெல்லிசா இருக்கிற முதல் நாலு கம்பி போதும்: 10, 14, 23, 30. தடியான ரெண்டும் மிச்சம். நாலும் சேர்ந்து இழுக்கிறது சுமார் 37 கிலோ. பழைய பாரத்துல மூணுல ரெண்டு பங்குகூட இல்ல.

குதிரையில ஆறு துளை இருக்கு. நடு நாலையும் எடுத்துக்கிடுங்க, ஓரத்து ரெண்டுல வெறும் பின் இருக்கட்டும். புதுசா துளை போடவே வேண்டாம். தலையில நட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கீயைக் கழட்டிடலாம். மேல உள்ள நாலுக்குத்தான் கம்பி நேரா போகும். மூணு கீயும் ஒரே தகட்டுல இருந்தா அப்படியே விட்டுடுங்க. இதுல தனித்தனி கீ, அதனால ரெண்டு ஓட்டை காலியாச்சு. அம்பாசமுத்திரத்துல மரச்சொப்பு செய்யிற கடைசல் பட்டறையில கேட்டு, அரக்குச் சிவப்புல ரெண்டு குமிழ் கடைஞ்சு வாங்கி அடைச்சிருக்கேன். பாருங்க, பொட்டு வச்ச மாதிரி இருக்கு.

இனி நட்டு. வீணைக்காரங்க மேருன்னு சொல்றது இதைத்தான். மொத்த வேலையோட உயிர் இங்கதான் இருக்கு. பழைய பிளாஸ்டிக்கைத் தட்டி எடுத்துட்டு, அதே அளவுல எலும்புத் துண்டு ஒண்ணு. கழுத்து அகலம் 42 மில்லி. கம்பிக்குக் கம்பி 9 மில்லி விட்டா நாலுக்கும் சேர்த்து 27. ரெண்டு ஓரத்துலயும் ஏழரை ஏழரை மில்லி சும்மா கிடக்கும். கழுத்தைச் செதுக்கி ஒடுக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். அந்த வெத்திடம்தான் நமக்கு வரம். கமகம் பிடிக்கக் கம்பியைப் பக்கவாட்டுல இழுக்கும்போது, விரல் கழுத்தை விட்டு வழுக்காது.

நட்டுல கம்பி உக்காருற காடியை அரம் வச்சு ராவணும். பத்து ராவு, ஒரு தடவை சோதனை. எப்படின்னா, கம்பியை மூணாவது மெட்டுல அமுக்குங்க. இப்ப முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல பாருங்க. ஒரு மெல்லிய தாள் போற இடைவெளி இருக்கணும். விரலால தட்டினா ‘டிக்’னு ஒரு சத்தம். அது கேக்குற இடத்துல நிறுத்திடணும். போன தடவை ஒரு கிட்டார்ல நான் நிறுத்தலை. அஞ்சாறு ராவு கூடிப்போச்சு, வெறும் கம்பியைத் தட்டினாலே மெட்டுல பட்டு இரைஞ்சது. ரெண்டு நாள் வேலை வீண், புது எலும்பு வாங்கினேன். எலும்பைக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

அடுத்தது சுருதி. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. கோவில்பட்டி தாண்டினா எட்டயபுரம். அந்தச் சமஸ்தானத்து வித்துவான் பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி, 1786-ல பிறந்தவர். நம்ம சங்கீதத்துக்குள்ள வயலினைக் கொண்டு வந்த முன்னோடிகள்ல ஒருத்தர். வெள்ளைக்காரங்க வயலின்ல நாலு கம்பியும் அஞ்சாம் சுரம் அஞ்சாம் சுரமா ஏறும். நம்ம ஆட்கள் அந்தப் பெட்டியில ஒரு ஆணியைக்கூட மாத்தலை. ச ப ச பன்னு சுருதியை மாத்தினாங்க, வயலின் நம்மளுதாயிடுச்சு. பின்னால மாண்டலின் ஸ்ரீநிவாஸ், எட்டுக் கம்பி இரட்டை இரட்டையா இருந்த மாண்டலினை அஞ்சு ஒத்தைக் கம்பியாக்கி வாசிச்சார்.

இந்த டெனார்லயும் அதையே செய்யலாம். சியையும் ஜியையும் அப்படியே விடுங்க. டி கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கினா சி, ஏயை இறக்கினா ஜி. ஒரு கட்டைச் சுருதியில ச ப ச ப கிடைச்சாச்சு. இழுவையும் 33 கிலோ பக்கம் இறங்கிடும், புடைச்ச பலகைக்கு இன்னும் நல்லது. மேல் கம்பி ஜியோட நிக்கிறதால பெரிய கிட்டார்லயும் இந்தச் சுருதியில கம்பி அறுந்துபோகாம நிக்கும்.

கடைசியா ஒண்ணு பாத்துடுங்க. பன்னெண்டாவது மெட்டுல அமுக்கி ஒரு தடவை, அதே இடத்துல விரலை லேசா தொட்டு எடுத்து ஒரு தடவை மீட்டுங்க. ரெண்டு சத்தமும் ஒண்ணா இருக்கணும். அமுக்கினது ஏறிக் கேட்டா, குதிரை மேல உள்ள எலும்போட முகட்டைப் பின்பக்கமா தள்ளி ராவுங்க.

இப்ப மோகனம் வாசிக்கிறேன். மேல் ரெண்டு கம்பி மட்டும் போதும். ச கம்பியில வெறும் கம்பி ச, ரெண்டாவது மெட்டு ரி, நாலாவது க. அடுத்த கம்பிக்கு வாங்க. வெறும் கம்பி ப, ரெண்டாவது மெட்டு த, அஞ்சாவது மெட்டு மேல் ச. கீழ் ரெண்டு கம்பியையும் கட்டைவிரலால தட்டி விட்டுக்கிட்டே இருங்க, தம்புரா மாதிரி நிக்கும். கேளுங்க.