மின்வெட்டிலும் வளரும் புதினா

உட்துறைமுக வீதியருகே நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் ஒரு பிடி மண் இல்லை. சமையலறை மேசையில் வைத்து மண்ணின்றிக் கீரை, புதினா வளர்க்கும் மின்கருவி ஒன்றை வாங்க யோசித்தேன். 2022 மார்ச் இறுதி நினைவுக்கு வந்தது. அப்போது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. கருவி நின்றால் செடி என்னாகும்?

அந்தக் கருவிக்கு முக்கிய வேலை இரண்டுதான். விளக்கு வெளிச்சம் தருகிறது. பம்பு, நீரில் ஒட்சிசன் சேர்க்கிறது. வெளிச்சத்துக்குக் கிழக்கு யன்னல் போதும். ஒட்சிசனுக்கு, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பேர்னார்ட் கிராட்கி பம்பில்லா முறையொன்றைப் பரப்பினார். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மூடிக்குக் கீழே காற்று இடைவெளி உருவாகும். மேல் வேர்கள் காற்றையும் கீழ் வேர்கள் நீரையும் எடுக்கும். மீண்டும் விளிம்புவரை நிரப்பினால் மேல் வேர்கள் மூழ்கி மூச்சுத் திணறும். என் முதல் புதினா அப்படித்தான் செத்தது.

தேவையானவை: கறுப்புத் தாள் சுற்றிய ஐஸ்கிரீம் டப்பா, மூடித் துளையில் ஓட்டையிட்ட யோகட் கப், தும்புத் தூள், பொதியில் சொன்ன அளவில் கரைத்த அல்பர்ட் உரம். உவர்க் கிணற்று நீர் வேண்டாம்.

2017இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியதை மறக்கக்கூடாது. தேங்கிய நீரை நாமே வீட்டுக்குள் வைக்கிறோம். கப் துளையில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வாரமொருமுறை மூடியைத் தூக்கி நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு நேரமில்லாதவர்கள் சந்தையில் ஒரு கட்டு வாங்குவதே நல்லது.