அரசாங்கச் செலவில் ஓர் ஓட்டல் ரூம்!

சென்னையில் பேச்சலராக வீடு தேடியிருக்கிறீர்களா? அப்படியானால் கையைக் கொடுங்கள்! 'ஃபேமிலிக்கு மட்டும்தான் சார்' என்ற வசனத்தை மடிப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை கேட்டுக் கேட்டுக் காது புளித்து, கடைசியில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலோடு ஒதுங்கியவன் நான். 2022-ல் கம்பெனி என்னை லண்டனுக்கு அனுப்பியபோது, 'அப்பாடா, அந்த வசனத்திலிருந்து தப்பித்தோம்' என்று நினைத்தேன். அங்கே அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது!

நான் இருந்தது ஒரு பழைய வீட்டின் மாடி அறை. கீழே ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணனுக்கு பெட்ரோல் பங்க்கில் ராத்திரி வேலை. அக்கா, ஒன்பது வயதில் ஒரு பெண், 2023 மே மாதம் பிறந்த பையன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கீழேயிருந்து குரல் வரும். "தம்பி, சாப்பிட்டனீங்களோ? இறங்கி வாங்கோ!" புட்டும் மீன் குழம்பும் காத்திருக்கும். வாடகை கொடுத்தது மாடி அறைக்கு. குடியிருந்தது என்னவோ அவர்கள் சமையலறையில்தான்.

பையன் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது ஒரு கடிதம். 'வீட்டை விற்கப் போகிறேன். இரண்டு மாதத்தில் காலி செய்யவும்.' என்ன தப்பு செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. இங்கிலாந்தில் 1988-ம் வருடச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, வீட்டுக்காரர் அப்போது காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல முடிந்தது. (இந்தப் பிரிவுக்கு 2025-ல் வந்த புதிய சட்டம் 2026 மே 1 என்று கெடு குறித்தது. அண்ணனுக்கு அது ரொம்ப லேட்!)

நான் இரண்டு சூட்கேஸோடு வேறு அறைக்கு மாறிவிட்டேன். அண்ணனால் முடியவில்லை. "மாச வாடகையைப் போல முப்பது மடங்கு வருஷச் சம்பளம் இருக்கா?" என்று கேட்டார்கள் வீட்டு ஏஜெண்டுகள். முப்பது மடங்கு சம்பளம் இருந்தால் அவர் ஏன் ராத்திரி முழுக்க பங்க்கில் நிற்கிறார்?

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், "கவுன்சிலில் கேளுங்கள்."

கவுன்சில் என்றால் நம் ஊர் மாநகராட்சி மாதிரி. குப்பை அள்ளுவதும் அவர்கள்தான், லைப்ரரி நடத்துவதும் அவர்கள்தான். வீடிழந்த குடும்பத்துக்குக் கூரை தருவதும் அவர்கள் கடமை. 1966-ல் பி.பி.சி. டி.வி.யில் கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகம் வந்தது. வீட்டை இழக்கும் ஓர் இளம் தம்பதியின் கதை. கடைசியில் குழந்தைகளையும் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாடே உலுக்கப்பட்டது. 1977-ல் சட்டம் வந்தது. வீடில்லாத குடும்பத்துக்கு இடம் பார்த்துத் தருவது கவுன்சிலின் பொறுப்பு என்றானது.

துணைக்கு நானும் கவுன்சில் ஆபீஸுக்குப் போனேன். கேள்விகள் அஞ்சு. இந்த நாட்டில் உதவி பெறும் உரிமை உண்டா? நிஜமாகவே வீடில்லையா? குழந்தை, கர்ப்பம், நோய் என்று முன்னுரிமைக் காரணம் உண்டா? நீங்களாகவே வேண்டுமென்று வீட்டைத் தொலைத்தீர்களா? இந்தப் பேட்டையோடு தொடர்பு உண்டா? அண்ணன் எல்லாவற்றிலும் பாஸ்!

"சார், எனக்கும் போன மாசம் வீடு போச்சு..." என்று நைஸாக இழுத்தேன். அந்த அலுவலர் என் விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசாவிலேயே 'அரசு உதவி கிடையாது' என்று முத்திரை. விசா சரியாக இருந்தாலும் உடம்பு நன்றாக உள்ள தனி ஆளுக்கு முன்னுரிமை இல்லையாம். அதாவது... 'ஃபேமிலிக்கு மட்டும்தான் சார்!'

ஆனால் அண்ணனுக்கும் உடனே சாவி தந்துவிடவில்லை. "கோர்ட் ஆள் வந்து வெளியேற்றும் வரை அந்த வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள். முன்னாலேயே கிளம்பினால் 'வேண்டுமென்றே வீட்டை விட்டவர்' என்ற பட்டம் விழலாம் என்று பயம். குடும்பங்களை இப்படிக் கடைசி நிமிடம் வரை உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் அரசின் வழிகாட்டி நூல் சொல்வது. ஆனால் கொடுக்க வீடில்லாத கவுன்சில்கள் நாளைத் தள்ளிப் போடுகின்றன. கோர்ட் செலவு வேறு வாடகைக்காரர் தலையில்!

2023 நவம்பரில் ஒரு காலை, பூட்டை மாற்ற ஆள் வந்தது. அந்தப் பெண் குழந்தை காலையில் அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் ஓர் ஓட்டலுக்குத் திரும்பினாள்.

ஓட்டல் என்றதும் ஏ.சி., லிஃப்ட் என்று கற்பனை செய்யாதீர்கள். நாலு பேருக்கு ஒரு ரூம். இரண்டு கட்டில், ஒரு கெட்டில். சமைக்கக் கூடாது. விருந்தாளி வரக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரில் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போனேன். அண்ணன் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டார். "உங்களை ஒருக்கா உள்ள கூப்பிட ஏலாமல் கிடக்கு தம்பி" என்றார். எத்தனை ஞாயிறு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்த மனிதர்! எனக்குப் பதில் வரவில்லை.

*கணக்கு எங்கே உதைக்கிறது?*

இந்த ரூமுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுவாரஸ்யமே இங்கேதான்.

வசதியில்லாத குடும்பத்தின் வாடகையை மத்திய அரசு மானியமாகக் கவுன்சிலுக்குத் தருகிறது. ஆனால் தற்காலிக வீட்டுக்கு எவ்வளவு? 2011 ஜனவரியில் இருந்த வாடகை விகிதத்தில் 90 சதவிகிதம்தான் உச்சவரம்பு! அண்ணன் ஓட்டலில் இருந்தது 2023-ல். மானியம் வந்ததோ 2011-ன் விலைவாசிக்கு. ஓட்டல் ரூம் என்றால் குடும்பம் எத்தனை பெரிசாக இருந்தாலும் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கான கணக்குதான்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ரூம் ஒரு ராத்திரிக்கு 80 பவுண்டு, மானியம் 25 பவுண்டு என்று வையுங்கள். மிச்சம் 55 பவுண்டு கவுன்சில் கையை விட்டுப் போக வேண்டும். ஆறு வாரத்துக்கு 2,310 பவுண்டு. ஒரு குடும்பத்துக்கு! இந்தப் பணம் எங்கேயிருந்து வரும்? லைப்ரரி, பூங்கா, நீச்சல்குளம் நடத்த வேண்டிய அதே உண்டியலிலிருந்துதான்.

இங்கிலாந்தில் 2025 மார்ச் கடைசியில் தற்காலிக இடங்களில் இருந்த குடும்பங்கள் 1,31,140. அவற்றில் இருந்த குழந்தைகள் 1,69,050. 2024-25-ல் கவுன்சில்கள் இதற்குச் செலவிட்டது சுமார் 280 கோடி பவுண்டு. நம் காசில் முப்பதாயிரம் கோடி ரூபாய்! அவ்வளவும் வாடகை. மறுநாள் காலை ஒரு செங்கல்கூட மிஞ்சாது.

*ஒரு தொட்டிலின் கதை*

பையனுக்கு அப்போது ஆறு மாசம். "ஏணை கட்ட ஒரு கொளுக்கிகூட இல்லை" என்றார் அக்கா போனில். அப்பா அம்மா நடுவில் ஒரே கட்டிலில் தூங்கினான். நம் ஊரில் இது சாதாரணம். ஆனால் சோதனைக்கு வந்த நர்ஸ் அம்மா முகம் மாறிப்போனாராம். மெத்து மெத்தென்ற பெரியவர் கட்டிலில், தலையணை, போர்வைக் குவியலில் பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து அதிகம். இரண்டே நாளில் மடக்கு தொட்டில் ஒன்று கொண்டுவந்து தந்தார். அதைப் போட, மேஜையை வெளியே தள்ள வேண்டியிருந்தது.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை இங்கிலாந்தில் இறந்த 74 குழந்தைகளின் விஷயத்தில், தற்காலிக வீட்டில் வசித்ததும் ஒரு காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அதில் 58 பேர் ஒரு வயதுகூட ஆகாதவர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொட்டில் கிடைக்கக் கவுன்சில் உதவ வேண்டும் என்று அரசு எழுதிச் சேர்த்தது 2024 பிப்ரவரியில்தான். முப்பதாயிரம் கோடி செலவழிக்கும் தேசத்தில், ஒரு தொட்டிலுக்கு அத்தனை நாள் ஆயிற்று!

*விற்ற வீட்டுக்கே வாடகை!*

குடும்பத்தை ஓட்டலில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2004-லிருந்து சட்டம். ஆறாவது வாரம் அண்ணனுக்கு ஒரு ஃபிளாட் கிடைத்தது. சின்னதுதான், ஆனால் அடுப்பு இருந்தது! அன்றைக்கே புட்டு அவித்துவிட்டு எனக்கு போன்.

போய்ப் பார்த்தால், கட்டடம் அந்தக் காலத்தில் கவுன்சிலே கட்டியது. 1980-ல் தாட்சர் ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி, கவுன்சில் வீட்டில் குடியிருந்தவர் அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். லட்சக்கணக்கான வீடுகள் அப்படிப் போயின. வாங்கியவர் விற்க, அவரிடம் வாங்கியவர் விற்க, இந்த ஃபிளாட் ஒரு தனியார் கைக்கு வந்திருக்கிறது. அவரிடமிருந்து கவுன்சில் அதைத் திரும்ப வாடகைக்கு எடுத்து அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறது! பசு மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, தினம் அதே மாட்டின் பாலைக் காசு கொடுத்து வாங்குகிற கதை.

விழித்துக்கொண்ட கவுன்சில்களும் உண்டு. விற்ற வீடுகளைத் திரும்ப விலைக்கு வாங்குகிறார்கள். கவுன்சில்கள் வீடு வாங்க 2022 டிசம்பரில் மத்திய அரசும் ஒரு நிதி ஆரம்பித்தது. லூயிஷாம் கவுன்சில் 2016-ல் ஒரு காலி மனையில், பெயர்த்தெடுத்து வேறிடம் கொண்டுபோகக்கூடிய 24 வீடுகளைக் கட்டியது. ஒரு முறை செலவு, சொத்து கவுன்சிலுடையது. மறுபக்கம், கப்பல் கன்டெய்னர்களை வீடாக்கிய இடங்களும் உண்டு. வெயில் காலத்தில் உள்ளே வேகிறது என்று 2019-ல் குழந்தைகள் நல ஆணையரின் அறிக்கையே சொன்னது.

நான் 2025-ல் ஊர் திரும்புவதற்கு முன் விடைபெறப் போனேன். அதே ஃபிளாட்தான். தற்காலிகம் என்ற பெயரில் ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அண்ணன் இன்னும் ஜூனியர்தான்! வழக்கம்போல் வயிறு முட்டச் சாப்பாடு. பையன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

சுவரோரமாக மூன்று அட்டைப்பெட்டிகள், டேப் பிரிக்காமல் அப்படியே. பெண்ணின் புத்தகங்கள், பொம்மைகள். "ஏம்மா இன்னும் பிரிக்கலை?" என்று கேட்டேன்.

"இது டெம்பரரி வீடு மாமா. எங்கட வீடு வந்தாப் பிறகு பிரிக்கலாம்" என்றாள்.

பொம்மையோடு விளையாடும் வயதை அவள் தாண்டியிருந்தாள்.