பிடிவாரண்ட் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது?

வாய்தா நாளில் பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் நம் பிள்ளைகள், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு மரத்தடியில் காத்திருப்பார்கள். வர முடியாதவர்களும் உண்டு. வாடகை வீடு மாறியதில் சம்மன் கைக்கு வந்திருக்காது. அல்லது ஷிப்டை விட்டால் வேலை போய்விடும் என்ற பயம். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் பிடிவாரண்ட் பிறந்துவிடும்.

வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72-வது பிரிவும் இதையே சொல்கிறது: நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேற்றப்படும்வரை அது செல்லும். இப்படித்தான் நிலுவை மலையாகக் குவிகிறது. அதைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தால், கணக்குக் காட்ட முதலில் அகப்படுபவர் யார்? காலனியில் குடியிருக்கும் கூலிக்காரர்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். வன்கொடுமை வழக்கில் எதிரி ஊர்த் தெருவில் நடமாடுவார். வாரண்டோ ‘ஆள் தலைமறைவு’ என்ற குறிப்போடு நீதிமன்றத்துக்குத் திரும்பும். குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதங்களுக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு. ஓர் எதிரி வராமல் போனாலே வழக்கு படுத்துவிடுகிறது. சாட்சிகள் சோர்ந்து போகிறார்கள், சமரசம் பேச ஆள் வருகிறது. ஆரம்பாக்கம் தாண்டித் தடாவுக்குப் போய்விட்டால் தப்பிவிடலாம் என்பதும் பொய். 79-வது பிரிவின்படி வாரண்டை இந்தியாவில் எங்கும் நிறைவேற்றலாம்.

முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் ஜாமீனில் விட முடியாத வாரண்ட் என்ற படிமுறையை, இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-லேயே வகுத்துக் கொடுத்தது. சம்மன் ஒழுங்காகச் சேர்ந்தாலே பாதி நிலுவை பிறக்காது என்பது எங்கள் எண்ணம்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2005-ல் ஒரு தேவாலயத்திலேயே நீதிமன்றம் அமைத்து, வாரண்ட் உள்ளவர்களைத் தாங்களாகவே வரச் சொன்னார்கள். நான்கே நாட்களில் 800-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பயத்தைக் குறைத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

எங்கள் கோரிக்கைகள் இரண்டு. சிறு வழக்குகளில் வாரண்ட் உள்ளவர்களுக்காக, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு விடுமுறை நாளில் ரத்து மனு முகாம் நடத்த வேண்டும். வன்கொடுமை வழக்குகளின் நிலுவை வாரண்டுகளைத் தனிப் பட்டியலாக்கி, 3 மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டிய விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவில் வைக்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் யாருக்காவது பழைய வழக்கு இருந்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் அதன் நிலையைப் பார்த்துச் சொல்லுங்கள். வாரண்ட் இருந்தால் ஒளிய வேண்டாம். வழக்கறிஞரோடு தாமாகவே ஆஜராகி ரத்து மனு போடலாம். முடிவு நீதிபதியுடையது என்றாலும், பிடித்து வரப்படுவதைவிட நடந்து வருவது மேல். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர்களோ, 15-ஏ பிரிவைச் சொல்லி ஒவ்வொரு வாய்தா விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். எதிரிக்கு வாரண்ட் இருக்கிறதா, அது யார் கையில் இருக்கிறது என்று விடாமல் கேளுங்கள். கேட்க ஆளில்லாத வாரண்ட்தான் கிடப்பில் கிடக்கிறது.