வீட்டிலிருந்து சட்டம் பயில்வோர்

“மகள் இப்பொழுது என்ன செய்கிறாள்?” என்று உறவினர் வினவினால், “வீட்டிலேதான் இருக்கிறாள், ஏதோ சட்டம் படிக்கிறாளாம்” என்று விடையிறுப்பது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. அந்த ‘ஏதோ’ என்னும் சொல்லிலேதான் அப்பிள்ளையின் இடர் தொடங்குகின்றது. பல்கலைக்கழக விடுதியில் வதியும் மகனை எவரும் நண்பகலிற் சங்கக்கடைக்கு அனுப்புவதில்லை. வீட்டிலிருந்து பயில்பவளோ கடைக்கும் போகவேண்டும். வந்த விருந்தினருக்குத் தேநீரும் வார்க்கவேண்டும்.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல் தன் வாயிலை மிதியாதோருக்கும் பட்டம் வழங்கி வருகின்றது. அதன் சட்டமாணிப் படிப்பை ஆறாண்டுகளில் ஆறுதலாகவும் முடிக்கலாம்; மூன்றாண்டுகளில் விரைந்தும் முடிக்கலாம். விரைந்து முடிக்கத் துணிந்தவருக்குரிய கணக்கைப் பெற்றோர் அறிதல் நன்று. பிரித்தானிய முறைப்படி முழுநேர ஆண்டொன்றுக்கு 120 புள்ளிகள். புள்ளியொன்றுக்கு 10 மணி நேர உழைப்பு. ஆக 1,200 மணி. அதனை 34 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 35 மணிக்கு மேலாகின்றது. கந்தோருக்குச் செல்லும் தந்தையின் உழைப்புக்கு இது எவ்வகையிற் குறைந்தது?

ஆகையால் முதலிற் கொடுக்கவேண்டியது நேரம். காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை அவள் வீட்டில் இல்லை என்றே கொள்ளுங்கள். “எத்தனை புள்ளி எடுப்பாய்?” என்று நாடோறும் கேட்பதையும் விடுங்கள். இதனை எழுதுபவனும் ஒருகாலத்தில் அவ்வாறு கேட்டுத் துன்புறுத்தியவனே.

நேரத்தினும் அரியது, செவிகொடுப்பது. வகுப்பறை இல்லாதவர்க்குத் தாம் கற்றதைச் சொல்லிப் பார்க்க ஆளில்லை. ரொபன் தீவுச் சிறையிலே கைதிகள் ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர். அங்கு இலண்டன் சட்டப் படிப்பைத் தொடர்ந்த நெல்சன் மண்டேலா, 1989இல் தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி வாயிலாகச் சட்டப்பட்டம் பெற்றபோதும் கைதியாகவே இருந்தார்.

எமது அயல்வீட்டு மாணவி ஒருத்தி, தாயார் கறிக்கு அரிந்துகொண்டிருக்கையில் ஒரு வழக்கைக் கதையாய்ச் சொன்னாள். 1928இல் ஸ்கொத்லாந்தின் பெய்சிலி நகரிலே டொனகியு என்னும் பெண் அருந்திய இஞ்சிப் பானத்தின் போத்தலில் அழுகிய நத்தை கிடந்ததாம். தாயார் கத்தியை நிறுத்தி, “போத்தலுக்குக் காசு கொடுத்தது யார்?” என்றார். வழக்கின் உயிர்நிலையே அதுவன்றோ! வாங்கிக் கொடுத்தவர் தோழி. ஆதலாற் கடைக்காரரோடு டொனகியுவுக்கு ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிடினும் பானம் செய்தவர் அருந்துபவர்பாற் கவனம் செலுத்தக் கடமைப்பட்டவர் என்று 1932இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஐவரில் மூவரே அதற்கு இசைந்தனர். அன்று அவள் அவ்வழக்கை மறவாவண்ணம் கற்றாள்.

பரீட்சை அண்மிக்கையிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்து, பழைய வினாத்தாள் ஒன்றுக்கு விடை எழுதச் செய்யுங்கள். நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுங்கள். இதற்குச் சட்டம் தெரியவேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டம் பயில்வோருக்கோ வீட்டிலேயே ஆசான் இருத்தல் கூடும். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பயிலும் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி, 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையைப் படித்துக் குழம்பியிருந்தாள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பவற்றின் வேறுபாடு நூலில் விளங்கவில்லை. திண்ணையிலிருந்த பேத்தியார் சிரித்தார். “அப்பு எனக்கு எழுதித் தந்த பனங்காணி சீதனம். உன் பாட்டா கலியாணத்துக்குப் பிறகு சம்பளக் காசில வாங்கின வயல் தேடியதேட்டம். இனி உன்ர கொம்மான்ர வளவைச் சொல்லு பார்ப்பம்” என்றார்.

பெண் கொப்பியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனாள்.