இரும்பாணியும் மூங்கிலாணியும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில், 1956இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கிய சி.வி.என். களரி இருக்கிறது. மரபுக் களரி என்பது 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி. அதில் இறங்கிய மாணவன் கையில் எடுத்த எடுப்பிலேயே வாள் கிடைத்துவிடாது. முதலில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி, பிறகு கம்புகளோடு கோல்தாரி. மூன்றாம் படியான அங்கத்தாரியில்தான் இரும்பு கைக்கு வரும்.

அந்த இரும்பைச் சுற்றி மலையாளத்தில் ஒரு பெரிய வழக்கு உண்டு. வாய்மொழியாக வந்த வடக்கன் பாட்டுகளில் வீரர் ஆரோமல் சேகவர் அரிங்ஙோடரோடு அங்கம் என்னும் நேர்ச்சண்டை பொருதும்போது அவருடைய வாள் முறிகிறது. கொல்லனுக்குப் பதினாறு பணம் கொடுத்து, இரும்பாணியைத் தட்டிவிட்டு மூங்கிலாணி வைக்கச் செய்தவன் மைத்துனன் சந்து என்கிறது பாட்டு. 1989இல் வந்த ‘ஒரு வடக்கன் வீரகாதா’ படத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் தீர்ப்பைத் திருப்பி எழுதினார். அங்கே மம்மூட்டி நடித்த சந்து நிரபராதி.

ஆணியை மாற்றினால் வாள் முறியுமா? ஒரு கணக்குப் போடலாம். பிடியிலிருந்து 50 செ.மீ. தள்ளி ஓர் அடி விழுகிறது. பிடிக்குள் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. நெம்புகோல் கணக்குப்படி அந்த அடி பத்து மடங்குக்குக் குறையாமல் ஆணிகளில் இறங்கும். அதை இரும்பு தாங்கும் அளவுக்கு மூங்கில் தாங்காது.

ஆனால் ஜப்பானின் கத்தானா வாளைப் பிடியோடு சேர்ப்பதே மெகுகி என்ற மூங்கிலாணிதான்! அந்த வாளின் அடிநாக்கு பிடிக்குள் நீளமாக இறங்கி மரத்தோடு இறுகப் பொருந்தியிருக்கும். அடியின் பெரும்பங்கை அந்தப் பொருத்தமே வாங்கிக்கொள்ளும். வாள் உருவிக்கொண்டு போகாமல் காப்பது மட்டுமே ஆணியின் வேலை.

வீரர்களின் வாழ்க்கைப் படங்களையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். கற்பனை மூங்கிலாணி, அது இருப்பது குற்றமில்லை. வரலாறு எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதே கேள்வி. அதே பெயர்கொண்ட சீனச் சண்டை ஆசானைப் பற்றி 2008இல் வந்த ‘இப் மேன்’ படத்தில் ஜப்பானியத் தளபதியோடு நடக்கும் சண்டை கற்பனை. ஆனால் போஷான் நகரம், ஜப்பானிய ஆக்கிரமிப்பு, விங் சுன் வித்தை, பிறகு ஹாங்காங் என எல்லாம் உண்மை. நாக்கு நீளம், ஆணி தாங்கியது.

நம் ‘ஏழாம் அறிவு’ (2011) போதிதர்மரைக் காஞ்சிப் பல்லவ இளவரசராகவும் சீனர்களுக்குச் சண்டை கற்பித்த ஆசானாகவும் காட்டியது. 6ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. சண்டைக் கலையோடு அவரை இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்த ஒரு நூலின் வழியே பரவியது. இங்கே நாக்கு குட்டை. சுமை முழுவதும் ஆணியின் தலையில்.

பாட்டில் கொல்லனின் கூலி பதினாறு பணம். சினிமாவில் அதை டிக்கெட் வாங்கி நாம்தான் கொடுக்கிறோம்.