வேலை முடிந்த பிறகும் நிரல் ஏன் நினைவகத்தைத் திருப்பித் தருவதில்லை?

பல த்ரெட்களோடு ஓடும் பைத்தான், ரூபி நிரல்கள் நாள் போகப்போக நினைவகத்தில் ஊதிப் பெருப்பதைப் பார்த்ததும் 'கசிவு' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டை நினையுங்கள். ஒரே யார்டு என்றால் டிரெய்லர்கள் சாலைவரை நிற்கும்; ஆளுக்கொரு யார்டு கொடுத்தால் நெரிசல் தீரும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி மூலையில் கிடந்தாலே போதும், அந்த இடத்தை உரியவரிடம் ஒப்படைக்க முடியாது. நினைவகத்தைப் பங்கிடும்போது லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் செய்வது ஏறக்குறைய இதைத்தான். அதன் யார்டுக்குப் பெயர் 'அரீனா'. 64 பிட் கணினியில், ஒரு கோருக்கு எட்டு யார்டு வரை திறந்துகொள்ளும்.

'வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தானே ஓடுகிறது, யார்டு எதற்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அப்படி ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு பைத்தான் வரிகளுக்குத்தான். 512 பைட்டைத் தாண்டிய கோரிக்கைகள் நேரே ஜிலிப்சிக்குப் போகின்றன. அது பூட்டைப் பற்றி அறியாமல், புதிய த்ரெட்டுக்குப் புதிய யார்டைத் திறந்துவிடுகிறது.

நிஜக் கசிவும் உண்டு. எடுப்பாரில்லாமல் நீளும் வரிசை, காலி செய்யப்படாத கேஷ். பிரித்தறிய, 2014இல் பைத்தான் 3.4உடன் வந்த 'டிரேஸ்மல்லாக்' உதவும். அதன் கணக்கும் சேர்ந்து ஏறினால் குற்றவாளி உங்கள் நிரல்தான். அது அசையாமல் நிரலின் மொத்த நினைவகம் மட்டும் ஏறினால், சி மொழி நீட்சிகளையும் யார்டுகளையும் சந்தேகியுங்கள். 'மல்லாக் அரீனா மேக்ஸ்' என்ற சூழல் மாறிக்கு 2 என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் அடங்கினால் சிக்கல் யார்டில். வேகம் சற்றுக் குறையலாம். தினமும் நள்ளிரவில் நிரலை மறுதொடக்கம் செய்வதைவிட அது மலிவு.